பழைய மடிக்கணினியில் பிந்தாத ஒலி

2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த விலையில்லா மடிக்கணினி ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அதில் லினக்ஸை ஏற்றி ஒரு மிடி கீபோர்டை இணைத்துப் பாருங்கள். கட்டையை அழுத்தினால் ஸ்வரம் சற்றுப் பிந்தித்தான் கேட்கும். பழைய கணினி, வேகம் போதாது என்று மூடிவைத்துவிடத் தோன்றும். குறை பெரும்பாலும் வேகத்தில் இல்லை, நேரந்தவறுவதில்தான்.

கணினி ஒலியைக் கட்டுக்கட்டாகவே அனுப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள். இன்றைய லினக்ஸின் ஒலி நிரலான பைப்வயர் வழக்கமாக 1,024 மாதிரிகளை ஒரு கட்டாக்கும். அதற்கே 21 மில்லிநொடி போய்விடும். 128 ஆகக் குறைத்தால் 2.7தான். மேடையில் மூன்றரை மீட்டர் தள்ளி உட்காரும் மிருதங்கக்காரரின் அடி பாடகர் காதுக்கு வரவே பத்து மில்லிநொடி ஆகிறது. மொத்தத் தாமதம் அதற்குள் அடங்கினால் வாசிப்பவருக்கு உறுத்தாது.

கட்டு சிறுத்தால் கெடுவும் சிறுக்கும். தறியில் நாடா மறுகரை சேருமுன் பாவு மூடிக்கொண்டால் இழை அறுவதுபோல, அடுத்த கட்டு 2.7 மில்லிநொடிக்குள் வராவிட்டால் ஒலி 'டப்' என்று அறும். சராசரி வேகம் இங்கே உதவாது. ஒரு முறைகூடப் பிந்தக் கூடாது.

பிந்தவைப்பவற்றில் முதலாவது, மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் செயலி. அதை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் நிறுத்துங்கள். அடுத்தது வன்தட்டு. நினைவகம் போதாமல் ஒலி நிரலின் பகுதி தட்டுக்குப் போனால், தேடி எடுக்கவே பத்து மில்லிநொடி ஆகலாம். அதற்குள் மூன்று கட்டுகள் தவறிவிடும். அதனால் பயனரை 'ஆடியோ' குழுவில் சேர்த்து, அக்குழுவுக்கு நினைவகத்தைப் பூட்டிவைக்கும் உரிமையும் நிகழ்நேர முன்னுரிமையும் தர வேண்டும். நிரல் கிறுக்குப்பிடித்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்: நிகழ்நேர நிரல்களுக்கு நொடியில் 0.95 பங்குக்கு மேல் கிடைக்காதபடி லினக்ஸின் மையமான கர்னல் இயல்பாகவே வரம்பு வைத்திருக்கிறது.

கர்னலும் கையிலுள்ள வேலையை உடனே கீழே வைக்கப் பழக வேண்டும். இதற்காகப் பல ஆண்டுகள் தனி ஒட்டாகவே வளர்ந்த நிகழ்நேரத் திருத்தம் 2024இல் 6.12 பதிப்பில்தான் முழுமையாகக் கர்னலோடு சேர்ந்தது. வீட்டு இசைக்கு அதுகூட அதிகம் என்பேன்; கர்னலின் தொடக்கக் கட்டளை வரியில் 'பிரீஎம்ப்ட்=ஃபுல்' என்று சேர்த்தாலே பெரும்பாலும் போதும்.

பிறகு, இதே போலப் பிந்தவைக்கக்கூடிய வைஃபையையும் அணைத்துவிட்டு அரைமணி நேரம் வாசியுங்கள். பைப்வயரின் 'பிடபிள்யூ-டாப்' கட்டளை காட்டும் பிழைக்கணக்கு ஏறிக்கொண்டே போனால் வீம்பு வேண்டாம், கட்டுக்கு 256 மாதிரிகளுக்குப் போய்விடுங்கள். கூடுவது கட்டுக்கு 2.7 மில்லிநொடிதான்.