மூன்று வார விடுப்பும் முப்பத்திரண்டு ஆண்டு வனவாசமும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1957 ஏப்ரல் 24 அன்று தொழிற்கட்சி தன் சொந்த முதல்வரையே கட்சியிலிருந்து நீக்கியது. மாநிலச் செயற்குழுவில் நீக்கத்துக்கு ஆதரவு 35, எதிர்ப்பு 30. நீக்கப்பட்டவர் வின்ஸ் கேர். 75 இடங்களில் 49-ஐ வென்று அவர் ஆட்சியைத் தக்கவைத்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

வெளியில் சொல்லப்பட்ட காரணம் விடுப்பு. தொழிலாளர்களுக்கு இருந்த இரண்டு வார ஊதிய விடுப்பை மூன்று வாரமாக்கச் சட்டம் வேண்டும் என்று கட்சி மாநாடு தீர்மானித்திருந்தது. அரசின் நிதிநிலை இடம்கொடாது என்றார் கேர். 1956-ல் மக்காய் நகரில் கூடிய மாநாடு, உடனே நிறைவேற்று என்று கட்டளையே போட்டது. அவர் மசியவில்லை.

ஒரு வார விடுப்புக்காகவா ஆட்சியைப் பறிகொடுப்பார்கள்? உண்மையான சண்டை வேறு. தொழிற்கட்சி, தொழிற்சங்கங்கள் பெற்ற பிள்ளை. மாநாட்டின் முடிவுக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி தந்த பிறகே ஒருவர் வேட்பாளராக முடியும். கேரும் தந்தவர்தான். ஆனால் முதல்வரானதும், சட்டம் எப்போது வரும் என்பதை அமைச்சரவைதான் முடிவுசெய்யும் என்றார். கூடவே காலத்தின் சூடும் சேர்ந்துகொண்டது. சங்கங்களில் கம்யூனிஸ்ட் செல்வாக்கை ஒழிப்பது பற்றிய தகராறில் 1955-லேயே விக்டோரியாவில் கட்சி உடைந்திருந்தது. கத்தோலிக்கரான கேர் கடுமையான கம்யூனிச எதிர்ப்பாளர்.

அப்படியும் அவர் தப்பியிருக்கலாம். மாநிலத்தின் மிகப் பெரிய சங்கமான ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம்தான் முதல்வர்களுக்கு வழக்கமாகக் கவசம். 1956-ல் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் அதையும் கேர் பகைத்துக்கொண்டார். பரம வைரிகளான அந்தச் சங்கமும் பிரிஸ்பேன் டிரேட்ஸ் ஹால் சங்கங்களும் அவரை வீழ்த்தக் கைகோத்தன. விடுப்பை விட்டுக்கொடுத்திருந்தாலும் வேறொரு சாக்கு கிடைத்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

துணை முதல்வர் ஜாக் டக்கனைத் தவிர அமைச்சர்கள் அத்தனை பேரும் கேருடன் வந்து குயின்ஸ்லாந்து தொழிற்கட்சியைத் தொடங்கினர். ஜூன் மாதம் அரசுச் செலவுக்கான நிதி மசோதா பேரவையில் தோற்றது. எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து அதைத் தோற்கடித்தது பழைய தொழிற்கட்சியே. ஆகஸ்ட் 3-ல் தேர்தல். இரு தொழிற்கட்சிகளின் வாக்குகளைக் கூட்டினால் பாதிக்கு மேல். இடங்களோ 20-ம் 11-ம்தான். கன்ட்ரி கட்சியின் பிராங்க் நிக்லின், லிபரல்களுடன் சேர்ந்து 42 இடங்களோடு முதல்வரானார். டக்கன் தன் தொகுதியிலேயே தோற்றார்.

வாக்கு பிரிந்தால் மூன்றாமவர் ஜெயிப்பார் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குயின்ஸ்லாந்தில் அதற்கு வழிசெய்து வைத்திருந்தது யார் என்பதுதான் விசேஷம். வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையைக் கைவிட்டு, நம்மூரைப் போல அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்ற முறையை 1942-ல் கொண்டுவந்தது தொழிற்கட்சி அரசு. 1922-ல் மேலவையை ஒழித்ததும் அதே கட்சி. மாநிலத்தின் உட்பகுதித் தொகுதிகளுக்குக் குறைந்த வாக்காளர்களே போதும் என்ற மண்டல ஏற்பாட்டை 1949-ல் செய்ததும் அதுவே. எதிரிக்கு ஒரு புதிய ஆயுதமும் தேவைப்படவில்லை. மண்டல ஏற்பாட்டைத் தனக்கேற்பத் திருத்திக்கொண்டது புதிய ஆட்சி. வரிசை வாக்கு முறையை மட்டும் 1960-களின் தொடக்கத்தில் திரும்பக் கொண்டுவந்தது. கேர் ஆதரவாளர்களின் இரண்டாவது விருப்பம் பெரும்பாலும் ஆளுங்கட்சிக் கூட்டணிக்கே போனது. 1915 முதல் 1957 வரை மூன்றாண்டுகள் நீங்கலாக ஆண்ட கட்சி, வேய்ன் காஸ் தலைமையில் மறுபடி ஆட்சிக்கு வந்தது 1989 டிசம்பரில்.

கேர் பின்னர் ஜனநாயகத் தொழிற்கட்சியில் இணைந்து, செனட்டில் அதன் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1974-ல் தொழிற்கட்சிப் பிரதமர் விட்லம் தந்த அயர்லாந்துத் தூதர் பதவியை ஏற்றதும் அந்தக் கட்சியும் அவரை நீக்கியது.