ஏலவிதைச் சாறுகளின் வேதியமைப்பும் உயிரியல் செயல்பாடும்

ஏலமலைச் சரிவுகளில் விளைந்து போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வரும் ஏலக்காய் நிறம், பருமன், லிட்டர் எடை ஆகியவற்றால் தரம் பிரிக்கப்படுகிறது. பச்சை நிறம் தோலிலுள்ள பச்சையத்தால் அமைவது. மணமோ விதையிலுள்ள ஆவியாகும் எண்ணெயைச் சார்ந்தது. எனவே சந்தைத் தரத்தை மருந்துத் தரத்திற்கு அளவுகோலாகக் கொள்ள இயலாது.

இவ்வெண்ணெயின் முதன்மைக் கூறுகள் 1,8-சினியோல், ஆல்பா-டெர்பினைல் அசிட்டேட் ஆகிய இரண்டுமாகும். பொதுவாக மலபார் வகையில் முன்னதும் மைசூர் வகையில் பின்னதும் மிகுதியாக உள்ளன. நீராவி வடித்தலில் ஆவியாகும் கூறுகளே கிடைக்கின்றன. எத்தனால் சாற்றில் பீனாலிக் சேர்மங்களும் கலந்து வருகின்றன. திறந்த கலத்தில் காய்ச்சும் கசாயத்திலோ எண்ணெயின் ஒரு பகுதி ஆவியாகி நீங்குகிறது. ஆக, ஒரே காயிலிருந்து பெற்ற இம்மூன்றும் வேதியியல் நோக்கில் வெவ்வேறு பொருள்களாகும்.

ஏலக்காய் எண்ணெயின் நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன் ஆய்வக வளர்தட்டுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அவ்விளைவைக் கசாயத்தின் மருத்துவப் பயனுக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. ஆதலின் காயின் வகை, உலர்த்திய வெப்பநிலை, கரைப்பான், வாயு வண்ணப்பிரிகை முடிவு ஆகியவற்றையும் செயல்திறன் அளவீட்டுடன் பதிவு செய்தல் வேண்டும். அப்போதே ஓர் ஆய்வின் முடிவை மற்றோர் ஆய்வுடன் ஒப்பிட இயலும்.