போனஸ் வந்தும் மனசு ஏன் வாடுது? மூளை போடும் வேரியன்ஸ் கணக்கு



முதல் போனஸ் 20,000 ரூபாய் வந்தப்போ வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போனீங்க. நாலாவது வருஷம் 15,000 வந்தா "ஏமாத்திட்டாங்க"ன்னு தோணுது. கைக்கு வந்தது பணம்தான், அப்புறம் ஏன் கோபம்?

அக்கவுண்டிங்ல இதுக்கு வேரியன்ஸ்னு பேரு. பட்ஜெட் எவ்வளவு, ஆக்சுவல் எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு. மூளையும் இதைத்தான் பார்க்குது.

குரங்கும் ஜூஸும்

வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி, குரங்குகளின் டோபமைன் செல்களைப் பதிவு செய்தார். எதிர்பாராம ஜூஸ் கிடைச்சா செல்கள் துள்ளின. விளக்கு எரிஞ்சா ஜூஸ் வரும்னு குரங்கு கத்துக்கிட்ட பிறகு, விளக்குக்கே துள்ளின. ஜூஸுக்கு அசையவே இல்லை. விளக்கு எரிஞ்சும் ஜூஸ் வரலைன்னா, வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கின.

1997-ல் பீட்டர் டயான், ரீட் மான்டேக் இருவருடன் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் இதற்கு விளக்கம் கொடுத்தார். அந்த செல்கள் சொல்வது சந்தோஷத்தின் அளவை இல்லை, கணிப்புப் பிழையை. சட்டனும் பார்ட்டோவும் கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர உருவாக்கிய சூத்திரமும் இதே மாதிரிதான் வேலை செய்யுது.

நம்ம போனஸ்ல போட்டுப் பார்ப்போம்

பிழை = கிடைத்தது − எதிர்பார்த்தது. ஒவ்வொரு தடவையும் பிழையில் பாதி அளவுக்கு எதிர்பார்ப்பு மாறும்னு வெச்சுக்கலாம் (பாதி என்பது என் உதாரணம்).

- வருஷம் 1: எதிர்பார்ப்பு 0, வந்தது 20,000, பிழை +20,000
- வருஷம் 2: எதிர்பார்ப்பு 10,000, வந்தது 20,000, பிழை +10,000
- வருஷம் 3: எதிர்பார்ப்பு 15,000, வந்தது 20,000, பிழை +5,000
- வருஷம் 4: எதிர்பார்ப்பு 17,500, வந்தது 15,000, பிழை −2,500

பணம் வந்தும் கணக்கு மைனஸ். கோபத்துக்குக் காரணம் புரியுதா?

அப்போ என்ன பண்ணலாம்?

நானே ஒரு தடவை வராத போனஸை நம்பி பைக் லோன் எடுத்து மூணு மாசம் திண்டாடினேன். மூளை தன் எதிர்பார்ப்பைத் திருத்திக்கும், இஎம்ஐ திருத்திக்காது. அதனால:

1. இஎம்ஐ, வாடகை எல்லாம் மாசச் சம்பளத்துக்குள்ளேயே அடங்கணும். பட்ஜெட்ல போனஸ் பூஜ்யம்.
2. வந்தா, முதல்ல எமர்ஜென்சி ஃபண்ட். மிச்சம் உங்க இஷ்டம்.
3. இன்கிரிமென்ட் வந்த மாசமே எஸ்ஐபி தொகையை ஏத்திடுங்க. புதுச் சம்பளம் பழகிட்டா அப்புறம் கை வராது.

உங்க போனஸ் கணக்கு இந்த வருஷம் ப்ளஸ்ஸா, மைனஸா? கமென்ட்ல சொல்லுங்க.