கடன் அட்டையும் காணாத கடைக்காரரும்

66, 544 என்னும் எண்களுடைய இரு தேசிய நெடுஞ்சாலைகள் கூடுமிடம் கொச்சியின் இடப்பள்ளி. 2013-இல் அங்குத் திறக்கப்பெற்ற லூலு வணிக வளாகத்தில் பொருள் வாங்குவோர், கடன் அட்டையைக் கருவியிற் செருகி, இரகசிய எண்ணைத் தாமே அழுத்துகின்றனர். அட்டை போலியன்று என்பதை அதிலுள்ள சில்லு வங்கிக்கு மெய்ப்பிக்கிறது. அதே இடப்பள்ளியில் ஒருவர் வீட்டிலிருந்தபடியே இணையவழி மிளகு வாங்குவாராயின் நிலைமை வேறு. கடைக்காரர் அட்டையைக் காண்பதில்லை. எண்கள் மட்டுமே பயணம் செய்கின்றன. அவ்வெண்கள் பிறர் கைப்பட்டால், பொருள் அவர்க்கும் கடன் நமக்கும் ஆகும். இதனைத் தடுக்கும் முறைகளை இங்கு ஆராய்வோம்.

முதலாவது, வழிக்காவல். கடையின் இணைய முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' எனத் தொடங்குமாயின், நாம் அனுப்பும் எண்கள் மறைகுறியாக மாற்றப்பட்டே செல்கின்றன. இடையில் கவர்வோர்க்கு அவை விளங்கா. ஆயினும் இது வழியை மட்டுமே காக்கும். போலிக் கடைக்காரரும் இக்குறியைப் பெற்றிருத்தல் கூடும்.

இரண்டாவது, மறு சான்று. அட்டையில் அச்சிடப்பட்ட விவரங்களேயன்றி, அதில் இல்லாத வேறொரு சான்றும் வேண்டுமென ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணாகிய ஓ.டி.பி. இவ்வகையினது. அட்டை எண்ணைத் திருடியவரிடம் நம் கைப்பேசி இராதன்றோ?

மூன்றாவது, டோக்கன் முறை. முன்னர்க் கடைகள் பல, வாடிக்கையாளரின் அட்டை எண்களைத் தம்மிடமே சேமித்து வைத்தன. ஒரு கடையின் ஏடு களவு போயின், அதிலுள்ள எண்களைக் கொண்டு வேறு கடைகளிலும் மோசடி செய்ய முயலலாம். 2022 அக்டோபர் 1 முதல், அட்டை வழங்கும் வங்கியும் அட்டை வலையமைப்பும் தவிர வேறெவரும் அவ்விவரங்களைச் சேமித்தலாகாது என்பது விதி. அட்டைதாரர் இசைந்தால், உண்மை எண்ணுக்குப் பதிலாக அக்கடைக்கென்றே ஒரு மாற்றெண் அளிக்கப்படும். அது களவு போயினும் மற்றொரு கடையில் செல்லாது. அடையாளத்திற்காக அட்டையின் இறுதி நான்கு இலக்கங்களைக் கடை வைத்திருக்கலாம்.

இத்தனை பூட்டுகளுக்கும் திறவுகோல் அட்டைதாரரிடமே உள்ளது. "வங்கியிலிருந்து பேசுகிறோம், பணம் திருப்பித் தர வேண்டும், எண்ணைச் சொல்லுங்கள்" என்பவரிடம் ஓ.டி.பி.யைக் கூறிவிட்டால் பூட்டுகள் யாவும் பயனற்றுப் போகும். பணம் பெறுவதற்கு ஓ.டி.பி. தேவையில்லை என்னும் ஓர் உண்மையை நினைவிற் கொள்வது நலம். இணையவழிப் பயன்பாடு வேண்டாதபோது, வங்கியின் செயலி மூலம் அதனை நிறுத்தி வைக்கவும் இயலும்.

மோசடி நேர்ந்தால் காலமே பெருஞ்செல்வம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிகளின்படி, தவறு வங்கியுடையதோ வாடிக்கையாளருடையதோ அல்லாதபோது, செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கு அறிவித்தவருக்கு இழப்பு இல்லை. எண்ணைத் தாமே வெளியிட்டவரோ, அறிவிக்கும் வரையிலான இழப்பை ஏற்க நேரும். எனவே, முதலில் வங்கிக்கும் உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவித்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பிலும், களப்பணியாளர்கள் ஊர்க்கூட்டங்களிலும் இவற்றை எடுத்துரைப்பின், பல குடும்பங்களின் உழைப்பின் பயன் காக்கப்படும்.