மணி அடித்த பிறகும் எச்.எம்.!

"பெரிய டீச்சர் வராங்க!" என்று குழந்தைகள் ஓடி ஒளிவதைப் பார்த்தால், தலைமை ஆசிரியைப் பதவி ஏதோ ராணியின் சிம்மாசனம் என்றுதான் தோன்றும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களைக் கேளுங்கள்! ஒழுகுகிற கூரை, லீவு போட்ட வாத்தியார், சத்துணவு முட்டைக் கணக்கு, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய வருகைப் பதிவு, 'இன்று மாலைக்குள் அனுப்பவும்' என்று வரும் அறிக்கை எல்லாம் அந்த ஒரு மேஜைக்குத்தான் வரும். கிராமத்துத் தொடக்கப் பள்ளி என்றால் கிளார்க்கும் கிடையாது. நடுவே வகுப்பும் எடுத்தாக வேண்டும்.

ஆண் தலைமை ஆசிரியருக்கும் இதெல்லாம் உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் அவர் அதட்டினால் "கண்டிப்பானவர்". அதே வார்த்தையை அம்மாள் சொன்னால், "வீட்டுக் கோபத்தை இங்கே காட்டுறாங்க!" பொறுமையாகச் சொன்னாலோ, "பொம்பளைதானே, சமாளிச்சுக்கலாம்." எப்படிப் பேசினாலும் குற்றம்! அறைக்குள் நுழைந்து, நாற்காலியில் இருப்பவரையே "சார் இல்லையா?" என்று கேட்கிறவர்களும் உண்டு.

உடம்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கழிவறையில் தண்ணீர் வராத பள்ளிகளில், காலையில் குடித்த காபியோடு சரி, சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் காலம் தள்ளுகிறார்கள் டீச்சர்கள். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வராமல் என்ன செய்யும்?

இத்தனையையும்கூடச் சமாளித்துவிடலாம். பெரிய மலை வீட்டில்தான் இருக்கிறது. பதவி உயர்வோடு பெரும்பாலும் ஊர் மாற்றமும் வரும். பையன் பத்தாம் வகுப்பு, மாமியாருக்கு மூட்டு வலி. "எனக்கு வேண்டாம்" என்று எழிதிக் கொடுத்துவிட்டு, தன்னைவிட ஜூனியரின் கீழே வேலை பார்க்கும் ஆசிரியைகள் எத்தனை பேர்! கணவருக்கு உயர்வு வந்தால் வீடே மூட்டை கட்டுகிறது. மனைவிக்கு வந்தால் மட்டும், "இருக்கிற சம்பளம் போதாதா?"

இந்த இடத்தில் சகோதரி சுப்புலட்சுமியின் நினைவு வருகிறது. 1886-இல் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே மணமாகி, கணவரை இழந்தவர். 1911-இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனார். இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார். திருவல்லிக்கேணிக் கடற்கரையில், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸில் அந்த விடுதி நடந்தது. (இன்று அது விவேகானந்தர் இல்லம்.) விதவை எதிரே வந்தாலே அபசகுனம் என்ற நாளில், அத்தனை விதவைப் பெண்களை ஒரே கூரையின் கீழ் வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமா? 1922-இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் அவரே முதல் தலைவி.

அவருடைய துணிச்சலைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அவருடைய சித்தியைத்தான் அதிகம் பிடிக்கும். அவரும் விதவை. சுப்புலட்சுமியின் பக்கத்திலேயே இருந்து தோள் கொடுத்தவர். வெளியே போய் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, வீட்டுக்குள் அப்படி ஓர் ஆள்!

இன்றைய எச்.எம். அம்மாளுக்கு அந்தச் சித்தி யார்? கணவர் ராத்திரிச் சமையலை ஏற்றுக்கொள்ளலாம், தோசைக்கு மாவு கரைக்கத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டுமே! பையன் தன் துணியைத் தானே துவைக்கலாம். மாமியார், "நீ போயிட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

பள்ளியில் அந்தச் சித்தி நீங்கள்தான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கூட்டத்துக்குக் கூப்பிட்டால், கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். டீச்சர் தனியாக எழுதும் கடிதத்தைவிட, இருபது அம்மாக்களின் கையெழுத்தோடு போகும் காகிதத்துக்கு ஆபீசில் மதிப்பு அதிகம்.