பச்சைமலையில் நின்று ஒரு கற்பனை சாம்ராஜ்யத்துக்குப் படை திரட்டினால்..?

துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாக பச்சைமலை ஏறியிருக்கிறீர்களா? டாப்செங்காட்டுப்பட்டிக்கு முன்னால் ஏதாவது ஒரு வளைவில் பைக்கை ஓரங்கட்டிப் பாருங்கள். கீழே வயலும் ஏரியுமாக சமவெளி விரிந்து கிடக்கும். அந்த வழியாகப் பத்தாயிரம் பேர் கொண்ட ஒரு படை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி என்ன? "எத்தனை வாள்?" என்று கேட்டால் நீங்கள் சினிமா பார்த்துப் பழகியவர். "ராத்திரிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டால் கதை எழுதத் தயாராகிவிட்டீர்கள்.

கற்பனை சாம்ராஜ்யங்களுக்கு இப்போது நல்ல சீசன். 'பாகுபலி'யின் மகிழ்மதி, நர்மதைக் கரையில் நிஜமாகவே இருந்த பழைய நகரம் ஒன்றின் பெயர். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதைக்கு இங்கிலாந்தின் ரோஜாப் போர்கள் அடித்தளம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேமில் 2022-இல் 'திராவிடர்கள்' என்ற தரப்பையே சேர்த்து, சுருள்வாள் வீரர்களைக் கொடுத்தார்கள். பார்க்க செம கெத்து. ஆனால் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும் படையில் ஒருவர் சுருள்வாளைச் சுழற்றினால் முதலில் வெட்டு விழுவது பக்கத்தில் நிற்கும் நண்பருக்குத்தான்!

நம்ம ஊரில் இதை முன்பே அழகாகச் செய்தவர் கல்கி. 'பொன்னியின் செல்வ'னில் சுந்தர சோழரைக் காக்கும் வேளக்காரப் படை வருமே, அது வெறும் கற்பனை இல்லை. வேளைக்காரர் என்ற பெயர் கல்வெட்டுகளிலேயே உண்டு. உரிய வேளையில் அரசனுக்காக உயிரையும் கொடுப்போம் என்று உறுதி எடுத்தவர்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். குஞ்சரமல்லர், குதிரைச்சேவகர், வில்லிகள், தெரிந்த கைக்கோளர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஃபேன்டஸி எழுத நினைப்பவர்கள் வாயில் நுழையாத பெயர்களைத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

உயிரைக் கொடுப்போம் என்ற அந்தச் சத்தியமும் எப்போதும் நிற்கவில்லை. இலங்கையில் முதலாம் விஜயபாகுவிடம் இருந்த வேளைக்காரர்கள், சோழர் மீது படையெடுக்கச் சொன்னதும் கலகத்தில் இறங்கினார்கள். அரண்மனைக்கே தீ வைத்தார்கள் என்கிறது சூளவம்சம். கதைக்கு எவ்வளவு பெரிய ட்விஸ்ட்!

60,000 யானைக்கு யார் தீனி போடுவது?

1225-இல் சீனத் துறைமுக அதிகாரி சாவ் ருகுவா, சோழ நாட்டில் 60,000 போர் யானைகள் இருப்பதாக எழுதினார். ஒவ்வொன்றின் முதுகிலும் வீடு மாதிரி ஒரு அமைப்பு, உள்ளே வில்லும் ஈட்டியுமாக வீரர்கள். வணிகர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர் அவர்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு யானைக்கு நாளைக்கு 150 கிலோ பசுந்தீவனம் என்றால், 60,000 யானைக்கு 9,000 டன். பத்து டன் லாரியில் தினமும் 900 லோடு! நம்ப முடிகிறதா? நூற்றுக்கணக்கில் யானை என்றால் சரி, பயமும் குறையாது, தீனியும் கிடைக்கும்.

குதிரை இன்னும் கஷ்டம். பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியாக வாங்குகிறார்கள், பராமரிப்பு தெரியாததால் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று மார்கோ போலோ எழுதியிருக்கிறார். அதனால் உங்கள் கதையில் துறைமுகம் எதிரி கைக்குப் போனால், சில வருடங்களில் குதிரைப்படை தானாகவே காலி.

அரிசி வண்டி தீர்மானித்த போர்

இனி நம்ம திருச்சிக்கே வருவோம். இந்தப் போரை அப்படியே எடுத்து டிராகனைச் சேர்த்தால் ஒரு வெப் சீரீஸ் ரெடி.

1751. மலைக்கோட்டை நகரத்துக்குள் முகமது அலி. வெளியே முற்றுகையிட்டிருப்பவர் சந்தா சாகிப், அவருக்குத் துணை பிரெஞ்சுக்காரர்கள். முகமது அலி பக்கம் ஆங்கிலேயர், மைசூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைத் தொண்டைமான், கூலிக்குப் போரிடும் முராரி ராவின் மராத்தியக் குதிரைப்படை. மைசூர் சும்மா வரவில்லை. திருச்சியையே தருவதாக வாக்கு. (கொடுக்கவில்லை, பின்னால் மைசூர் கட்சி மாறியது.)

1752 ஏப்ரலில் ஆங்கிலேயருக்குக் கூடுதல் படை வந்ததும், பிரெஞ்சுத் தளபதி லா ஒரு முடிவெடுத்தார். காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய்விட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல யோசனைதான். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஏழு மதில் கொண்ட பெரிய கோயில், பக்கத்தில் திருவானைக்காவல். இதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கே?

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. அரிசியும் ஆளும் புதுச்சேரியிலிருந்து வர வேண்டும், கிட்டத்தட்ட 200 கி.மீ. மாட்டு வண்டி ஒரு நாளைக்கு 15, 20 கி.மீ. போனால் பத்து நாளுக்கு மேல் ஆகும். பத்தாயிரம் பேருக்கு ஆளுக்கு ஒரு கிலோ என்றாலும் தினமும் பத்து டன். பொதிமாடு ஒன்று நூறு கிலோ சுமந்தால் ஒரு நாள் சோற்றுக்கு நூறு மாடு. அந்த மாடுகளுக்கும் தீனி வேண்டும்.

ராபர்ட் கிளைவ் மதிலை முட்டவில்லை. கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே சமயபுரம் வட்டாரத்தில் முகாம் போட்டு, சாலையை மறித்தார். உதவிக்கு வந்த இன்னொரு பிரெஞ்சுப் படை ஊட்டத்தூர் வரை வந்து, முடியாமல் பின்வாங்கி, ரஞ்சன்குடி பக்கம் சரணடைந்தது. அடுத்த சில நாட்களில், ஜூன் மாதம், ஸ்ரீரங்கத்தில் லா-வும் சரண். பாதுகாப்பு தருவதாகச் சொன்ன தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிப் போன சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது. 1736-இல் இதே திருச்சியை ராணி மீனாட்சியிடமிருந்து பொய்ச்சத்தியம் செய்து பிடித்தவர் அவர் என்று ஊரில் சொல்வார்கள்.

இதில் பச்சைமலை எங்கே? அந்தச் சாலைக்கு மேற்கே, சும்மா பார்த்துக்கொண்டு நின்றது. மலை ஒளிந்துகொள்ள நல்ல இடம், ஆனால் வரகும் சாமையும் விளையும் சரிவுகள் பத்தாயிரம் பேருக்குச் சோறு போடாது. அதனால் பெரிய படைகள் சமவெளியிலேயே போகும், வழியில் இருக்கும் கிராமங்களின் களஞ்சியத்தைக் காலி செய்தபடி. பச்சைமலையில் வாழும் மலையாளி பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் கதையைத் தளபதியிடமிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கீழே புழுதி கிளம்புவதைப் பார்த்துவிட்டு, விதைநெல்லைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிற ஒரு குடும்பத்திடமிருந்து ஆரம்பிக்கலாம்.

சீருடைக்கும் வெளியே போக வேண்டாம். ஆநிரை கவர வெட்சி, படையெடுக்க வஞ்சி, கோட்டையை வளைக்க உழிஞை, நேருக்கு நேர் மோத தும்பை. போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. தலையில் பூவை மாற்றிச் சூடியதும் எதிரிக்கு விஷயம் புரிந்துவிடும்!

அடுத்த முறை சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் வரும்போது, பெரம்பலூருக்கு முன்னால் ரஞ்சன்குடி கோட்டை ரோட்டிலிருந்தே தெரியும். தொல்லியல் துறை பராமரிக்கிறது. அங்கிருந்து சமயபுரம் டோல்கேட் வரை நீங்கள் போகும் பாதை, கிட்டத்தட்ட அந்த அரிசி வண்டிகள் போய்ச்சேர முடியாமல் நின்ற பாதைதான்.