மலையாளப் படிவமும் தமிழ்க் கையெழுத்தும்

நாகர்கோவில், மார்த்தாண்டம், தென்காசிப் பக்கத்திலிருந்து பெரிய சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் தம்பானூரில்தான் இறங்குகிறார்கள். அங்கிருந்து மெடிக்கல் காலேஜ் பஸ். அரசு மருத்துவக் கல்லூரி, ஆர்.சி.சி. எனப்படும் மண்டலப் புற்றுநோய் மையம், ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். மலையாளப் பேச்சு இவர்களில் பலருக்குப் புரியும். எழுத்து தெரியாது. ஆபரேஷனுக்கு முன்பு நீட்டப்படும் தாள்களில், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இதுதான்.

அந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றல்ல. அறுவைக்கும் மயக்க மருந்துக்குமான ஒப்புதல் ஒன்று. ஆராய்ச்சிக்கான ஒப்புதல் வேறு.

அறுவையின்போது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், நெஞ்சில் ஒட்டும் ஈ.சி.ஜி., கையில் கட்டும் ரத்த அழுத்தப் பட்டை, மூச்சில் வரும் கரியமில வாயுவை அளக்கும் கருவி, இவையெல்லாம் சிகிச்சையின் பகுதி. திரையில் எண் இறங்கினால் உடனே செயல்பட மயக்க மருந்து நிபுணர் கடைசிவரை கூடவே இருக்க வேண்டும். 'யார் இருப்பார்?' என்று முன்னாலேயே கேளுங்கள். நகப்பூச்சு ஆக்சிமீட்டரைக் குழப்பும், அழித்துவிட்டுப் போங்கள். ஆஸ்துமா, ஆடும் பல், சாப்பிடும் மாத்திரை, முன்பு மயக்க மருந்தில் வந்த சிக்கல் எதையும் மறைக்காதீர்கள். பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று திரும்பத் திரும்பக் கேட்டால் சலிப்படைய வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல் அது. புதுடெல்லி உள்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

ஒன்றுக்குக் கொடுத்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, தாயின் சம்மதத்தோடு கர்ப்பப்பையை எடுத்த வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்.

ஆராய்ச்சி என்று வரும்போது ஆர்.சி.சி.யில் நடந்ததை மறக்கக் கூடாது. 1999–2000-ல் வாய்ப் புற்றுநோயாளிகள் 26 பேரின் கட்டியில், அறுவைக்கு முன்னதாக ஒரு சோதனை ரசாயனத்தை ஊசியாகப் போட்டார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியையுடன் சேர்ந்து நடந்த ஆய்வு அது. ஆர்.சி.சி.யிலேயே பணியாற்றிய டாக்டர் வி.என்.பட்டதிரி கேள்வி எழுப்பியதால் 2001-ல் விஷயம் வெளியே வந்தது. தங்கள் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறவில்லை, விலங்குச் சோதனை போதாது, நோயாளிகளிடம் பெற்ற ஒப்புதலிலும் குறை என்று ஹாப்கின்ஸே விசாரித்துச் சொன்னது. பேராசிரியை மனிதர்கள்மீதான ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கவும் தடை விதித்தது. உள்ளிருந்து ஒருவர் பேசியிராவிட்டால் அந்த 26 பேரின் கதை நமக்குத் தெரிந்திருக்காது.

இன்று 2019-ன் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள் இருக்கின்றன. நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தர வேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அது தமிழில்தான் இருக்க வேண்டும்! படிக்கவே தெரியாதவர் என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் ஒப்புதல் முடியும்வரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும். வேண்டாம் என்று மறுக்கலாம், பாதியில் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது. பரிசோதனையால் கடும் பாதிப்பு வந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும்; மருத்துவம் இலவசம், இழப்பீடும் உண்டு. மருத்துவரின் தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. மருந்துப் பரிசோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்னும் தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் பார்க்கலாம்.

முறையிட வேண்டுமா? ஆராய்ச்சி என்றால் முதலில் அந்த ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவிடம். தொடர்பு விவரம் தகவல் தாளிலேயே இருக்கும். சிகிச்சைக் குறை என்றால், எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு விதி. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை மட்டும் அதன் வரம்புக்குள் வராது. அங்கே மாநில மருத்துவ கவுன்சிலும் நீதிமன்றமும்தான் வழி.

கையெழுத்துக் கேட்டால், 'இது சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா?' என்று தமிழிலேயே கேளுங்கள். பதில் புரியும்வரை பேனாவை எடுக்காதீர்கள். போட்ட பிறகு நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.